வெளியேறு என்றொரு பொத்தான்

பிப்ரவரி 10, திங்கள். செம்மேடு.

காலை முழுக்க மூடுபனி. பத்து மணிக்கும் எதிர்க்கடைப் பெயர்ப்பலகை தெரியவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் இடம் மாறிய வயிறு இன்னும் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. விடுதியில் 'வெந்நீர் உண்டு' என்று எழுதியிருக்கிறது. எழுதியிருப்பது மட்டும் உண்டு.

வந்த வேலை: இங்குள்ள விளைபொருள் சங்கத்தின் கிடங்கில் எங்கள் நிறுவன மென்பொருளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது. பார்த்ததை வைத்துப் புதிய பாடங்கள் எழுதுவது. என் பதவியின் பெயர் கற்றல் வள வடிவமைப்பாளர். என் மனைவி உறவினர்களிடம் "கம்ப்யூட்டர்ல இருக்கார்" என்று சொல்வாள். அது எவ்வளவோ தெளிவு.

பையில்: மடிக்கணினி, குல்லா, இருமல் மருந்து, நிறுவனத்தின் வடிவமைப்புக் கையேடு. பஸ்ஸில் கையேட்டை மறுபடி புரட்டினேன். எளிமையைப் பற்றியே பாதிப் புத்தகம். பொத்தான்களுக்கான விதி: ஒரே சொல், வினைச்சொல், கட்டளை வடிவம். மரியாதை விகுதி கூடாது, இடத்தை அடைக்கும். இதை முடிவு செய்த சொற்குழுவில் நான் இல்லை. இருந்திருந்தாலும் டீ குடித்துவிட்டு வந்திருப்பேன்.

மாலை ரமணன் போன். கோவையில் இருக்கும் என் மேலாளர். என் மகனைவிட இரண்டொரு வயது மூத்தவர். "ஃபீல்டுல எம்பதி ரொம்ப முக்கியம் சார்." சரி என்றேன். இங்கே குளிர் அதிகம் என்றும் சொன்னேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்.

வெயில் வந்தது. கிடங்கு. சாக்கு வாசம், மிளகு நெடி, அடுக்கடுக்காகத் தும்மல்.

மூன்று பேர், ஒரு கணினி. செயலாளர் தங்கவேல், ராசிபுரத்துக்காரர். வெள்ளி மாலை மலை இறங்கினால் திங்கள் காலை ஏறுவார். ஓய்வு பெற அதிக காலம் இல்லை, அதை எல்லோரிடமும் சொல்கிறார். எடை போடுபவர் வெள்ளையன், இந்த மலைக்காரர், சொந்தமாகக் கொஞ்சம் மிளகும் மரவள்ளியும். கணக்குப் பதிபவர் புஷ்பம், லால்குடி. ஒப்பந்த வேலை. மகள் இங்கே பள்ளியில் படிக்கிறாள். ஒப்பந்தம் இந்த வெள்ளியோடு முடிகிறது. நீட்டிப்பார்களா என்பதுதான் கேள்வி. நான் போய் உட்கார்ந்த சிறிது நேரத்தில் அது கேள்வியே இல்லை என்று தெரிந்தது.

போன மாதம் ஈர மிளகு ஒரு லோடு 'உலர்ந்தது' என்று பதிவாகிக் கீழே போயிருக்கிறது. வாங்கியவர் பூசணத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார். பதிந்தவர் யார் என்று மென்பொருளைக் கேட்டால் புஷ்பம் என்கிறது. அதை வைத்து அவர் மேல் தங்கவேல் அறிக்கை எழுதுகிறார். அன்றைக்குப் புஷ்பம் தங்கை கல்யாணத்துக்கு லால்குடி போயிருந்தார்.

"அன்னைக்கு யாருங்க பதிஞ்சது?" என்று கேட்டேன்.

"நானுங்க," என்றார் தங்கவேல். தயக்கமே இல்லை.

"அப்புறம் ஏன் புஷ்பத்து மேல அறிக்கை எழுதறீங்க?"

"ஏனுங்க சார், கம்ப்யூட்டர் அவங்க பேரத்தானுங்க காட்டுது? நான் பதிஞ்சேன்னு சொன்னா அது என்ற வாய் வார்த்தை. இது சிஸ்டமுங்க."

ஒரு மனிதர் தன் ஞாபகத்தைவிட எங்கள் மென்பொருளை நம்புகிறார். விற்பனைப் பிரிவுக்குத் தெரிந்தால் சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள்.

புஷ்பம் திரையை விட்டுத் தலை திருப்பாமல் சொன்னார்: "நான் பந்தியில சாம்பார் ஊத்திட்டு இருந்தேன் சார். வாளியைக் கீழ வெச்சுட்டு வந்து மிளகு காஞ்சிருக்கான்னு பாத்தேனாம்."

அறிக்கை வெள்ளிக்குள் நாமக்கல் அலுவலகத்துக்குப் போக வேண்டும். போனால் வேலை போகும்.

மதியம் கத்தரிக்காய்க் குழம்பு. நன்றாக இருந்தது. இன்று நன்றாக இருந்தது அது ஒன்றுதான்.

பிப்ரவரி 12, புதன்.

மறுபடி மூடுபனி. கிடங்கில் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு எங்கள் பாடத்தில் 'பயனரின் செருப்பில் நின்று பாருங்கள்' என்று பெயர், எங்கிருந்தோ மொழிபெயர்த்தது. கிடங்குக்குள் எல்லோரும் செருப்பை வெளியில் விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். நான் எதில் நிற்பது?

பார்த்தது இவ்வளவுதான். காலையில் புஷ்பம் தன் கடவுச்சொல்லைப் போட்டுத் திறக்கிறார். அவர் எழுந்தால் தங்கவேல் உட்காருகிறார். தங்கவேல் எழுந்தால் வெள்ளையன் எடையைப் பதிகிறார். எல்லாம் புஷ்பத்தின் பெயரில். மாலையில் மூடியைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். மறுநாள் திறந்தால் புஷ்பம் அப்படியே உள்ளே இருக்கிறார். அவர் லீவு எடுத்தாலும் உள்ளே இருக்கிறார். வேலையை விட்டு அனுப்பினாலும் உள்ளே இருப்பார் போல.

வெளியேறும் பொத்தான் எங்கே என்று தேடினேன். திரையின் வலது மேல் மூலையில் இருக்க வேண்டும். அங்கே சந்தனமும் குங்குமமும் வைத்த பெரிய பொட்டு. பூஜைக்கு வைத்தது என்று நினைத்தேன். வெள்ளிதோறும் வைக்கிறார்களாம். மற்ற சாமான்களுக்கு நடுவில் வைக்கிறவர்கள் இதற்கு மட்டும் ஏன் மூலையில்?

"அந்த எழுத்து தெரியக் கூடாதுன்னுதானுங்க," என்றார் வெள்ளையன்.

"எந்த எழுத்து?"

"வெளியேறுன்னு எழுதி வெச்சிருக்குதே சாமி. வெள்ளாம வந்து சேர்ற எடம் இது. வெளக்கு வெக்கற நேரத்துல அதப் போயி யாராச்சும் தொடுவாங்களா? உங்க ஊர்ல ஊட்டுக்கு வந்தவங்கள இப்புடித்தான் வெளியேறும்பீங்களா?"

கிளம்பும்போது என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "போயிட்டு வாரேம்போம். வேற என்னத்தச் சொல்றது?"

"அப்படி இருந்துதுன்னா நானே அமுத்திப்போடுவேனுங்க," என்று தங்கவேல் உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

வெள்ளையன் விடவில்லை. "எல்லாமே அப்புடித்தானுங்க. சேமி, அழி, தேடு, அனுப்பு. என்னமோ மாடு ஓட்டற மாதிரியே பேசுது. நாங்க மாட்டக்கூட கண்ணுன்னுதான் கூப்புடுவோம்."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'ங்க'வோ 'சார்'ரோ போட்டுப் பேசும் மூன்று பேரை, நாள் முழுக்க நீ வா போ என்று விரட்டும் ஒரு கருவியை நாங்கள் செய்து கொடுத்திருக்கிறோம். அதற்கு எளிமை என்று பெயர்.

புஷ்பத்திடம் கேட்டேன், நீங்களுமா அழுத்துவதில்லை என்று. "எனக்கு இந்த நல்ல நேரம் கெட்ட நேரமெல்லாம் கிடையாது சார், நான் சர்ச்சுக்குப் போறவ. ஆனா நாள் முழுக்க தும்மிக்கிட்டு வேலை பாத்துட்டு எழுந்திரிக்கும்போது வெளியேறுன்னா? நிரந்தர வேலைக்காரங்களுக்கு அது பொத்தான். ஒப்பந்தக்காரிக்கு அது வேற மாதிரி கேக்குது."

குறித்துக்கொண்டேன். கையேட்டில் இதற்குத் தலைப்பு இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்.

காலை: குளியல் இல்லை (வெந்நீர், மேலே காண்க). சளி.

கற்றல் தளத்தைத் திறந்து விதிகளைப் படித்தேன். நாங்கள் எழுதியதுதான், ஆனால் யார் படித்தோம்? பாடம் முடித்தவர் செய்யும் தவறு அலட்சியம். முடிக்காதவர் செய்யும் தவறு அறியாமை, மன்னிக்கலாம். இந்தக் கிடங்கில் பாடம் முடித்தவர் புஷ்பம் ஒருவர்தான். ஆகவே மன்னிக்க வழியில்லாதவரும் அவர் ஒருவர்தான். படித்ததற்குத் தண்டனை.

இன்னும் கீழே போனேன். ஒரே பாடத்தைப் புஷ்பம் திரும்பத் திரும்ப முடித்திருக்கிறார். தங்கவேலும் வெள்ளையனும் அவர் பெயரிலேயே உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். தளத்துக்கு ஒரே பூரிப்பு. 'சிறந்த கற்பவர்' என்று பட்டம் கொடுத்து, பக்கத்தில் ஆடும் பூ ஒன்றையும் வைத்திருக்கிறது. அதில் ஒரு முறை முடித்தது தங்கையின் முகூர்த்த நாளில்.

ரமணனுக்குப் போன். பொத்தான் பெயரை மாற்ற வேண்டும், பதிவில் இருக்கும் பெயரை மட்டும் வைத்து யார் செய்தது என்று சொல்ல முடியாது என்று நிறுவனம் ஒரு வரி எழுதித் தர வேண்டும் என்றேன்.

"சார், அப்படி எழுதிக் கொடுத்தா மத்த கஸ்டமர்லாம் கேப்பாங்க. இது யூசர் எரர். ட்ரெயினிங் இஷ்யூ. ஒரு சின்ன வீடியோ போட்டுருவோம். 'வெளியேறு பொத்தானை அழுத்துவது எப்படி.'"

"அழுத்தத் தெரியாம இல்ல ரமணன். அழுத்த மனசு இல்ல."

"அதுக்கும் ஒரு வீடியோ போடலாம் சார். நீங்க எதுலயும் கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க."

எம்பதி பற்றி இன்று பேச்சில்லை.

மாலை. தங்கவேல் அறிக்கையை எழுதி முடித்து என்னிடம் காட்டினார். நல்ல கையெழுத்து, சுத்தமான பொய். நான் தளத்தைக் காட்டி, கல்யாணத்தன்று புஷ்பம் இங்கே பாடமும் முடித்திருக்கிறார் பாருங்கள் என்றேன். "கெட்டிக்காரப் பொண்ணுங்க," என்றார்.

அப்போதுதான் புஷ்பம் எழுந்து தங்கவேலிடம் வந்தார். இந்த மூன்று நாளில் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை.

"சார், என் லீவு லெட்டர்ல யாரு கையெழுத்துப் போட்டது?"

"நான்தானுங்க."

"அதுவும் உங்க வாய் வார்த்தையா? கம்ப்யூட்டரை நம்புறீங்க, சரி. உங்க கையெழுத்தை நம்புவீங்களா மாட்டீங்களா? நம்பலன்னா இந்த அறிக்கையிலயும் போடாதீங்க. என் பொண்ணு பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம்கூட இல்ல. நடுவுல டிசியை வாங்கிட்டு நான் எங்க போறது?"

வெள்ளையன் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கவேல் அறிக்கையை ஒரு தரம் படித்தார். தன் கையெழுத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓய்வுக்கு அதிக காலம் இல்லை என்று அவர் சொல்லாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

"கிழிச்சுப்போடு கண்ணு," என்றார் கடைசியில். "நான் பதிஞ்சேன்னே போட்டுர்றேன். ஆனா என்ற பேர்ல உள்ள போயித்தான போடோணும்?"

தன் பெயரில் உள்ளே போக வேண்டுமென்றால் முதலில் புஷ்பம் வெளியே வர வேண்டும். தங்கவேல் துண்டால் பொட்டைத் துடைத்தார். சொல் தெரிந்தது. வெள்ளையனைப் பார்த்தார், வெள்ளையன் கூரையைப் பார்த்தார். தங்கவேல் மூட்டைகள் பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்காத தாயி," என்று சொல்லிவிட்டு அழுத்தினார்.

அதன்பின் எங்கள் மென்பொருள் தன் பங்கைச் செய்தது. கடவுச்சொல்லைக் கேட்டது. மறந்துபோயிருந்தார். புதியது கேட்டது. அதில் பெரிய எழுத்து வேண்டும், சிறிய எழுத்து வேண்டும், ஒரு குறி வேண்டும், பழையதன் சாயல் கூடாது. அதுதான் மறந்துவிட்டதே, சாயல் எப்படித் தெரியும்? சில முயற்சிகள். கணக்கு பூட்டப்பட்டது. இத்தனை நாள் ஒரே பெயரில் பலர் இருந்ததை இப்போது கண்டுபிடித்து, பாதுகாப்பு கருதிப் புஷ்பத்தின் கணக்கையும் பூட்டியது.

கிடங்கில் யாருமே உள்ளே இல்லை. நிறுவனம் கனவு கண்ட பாதுகாப்பு.

வெள்ளையன் சத்தம் போட்டுச் சிரித்தார். புஷ்பம் வெள்ளைத் தாள் எடுத்து வந்தார். தங்கவேல் நிதானமாக, அடித்தல் இல்லாமல் எழுதினார்: ஈர மிளகைப் பதிந்தது நான், அன்று புஷ்பம் விடுப்பில் இருந்தார், விடுப்பு கொடுத்தவனும் நானே. கையெழுத்து. அதன் கீழே நான், இந்த மென்பொருளில் பெயர் ஏன் மாறும் என்று நாலு வரி எழுதி, என் பெயர், பதவி, கையெழுத்து. ரமணன் வேண்டாம் என்றது ஞாபகம் இருந்தது. எனக்கும் பென்ஷன் இல்லை. பேனா நன்றாக எழுதியது.

நாளை நான் இறங்குகிறேன். தாள் என்னோடு வருகிறது.

பிப்ரவரி 14, வெள்ளி. நாமக்கல்.

வெளிச்சமான காலை. முதல் பஸ்ஸைப் பிடித்தேன். சோளக்காட்டில் பஸ் நின்றபோது அன்னாசித் துண்டு. உப்பு மிளகாய்த்தூள் அதிகம். மூக்கடைப்பு திறந்தது.

பஸ்ஸில் ரமணனின் மின்னஞ்சல். என் கருத்தைச் சொற்குழு அவசரமாகக் கூடி ஏற்றுக்கொண்டதாம். பொத்தானில் மரியாதை சேர்த்தாயிற்று. இனி 'வெளியேறவும்'. வாடகை வீட்டுக்காரர் கதவில் ஒட்டுவது போல இருக்கிறது. பதில் போடவில்லை. கையெழுத்துப் போட்டதையும் சொல்லவில்லை. வளைவுகளில் எழுதினால் வயிறு புரளும்.

அலுவலகம். கண்காணிப்பாளர் ஓர் அம்மையார். தாளை வாங்கியதும், "ஆன்லைன்ல வரலியே சார்," என்றார்.

"வராதுங்க. பூட்டிக்கிச்சு."

"அப்ப இத எப்படி நான் எடுத்துக்கறது?"

"படிச்சுப் பாருங்க."

படித்தார். மறுபடி படித்தார். ஒரு கோப்பை எடுத்துத் தங்கவேலின் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டார். "இது அவரு எழுத்துதான். இவரு இத்தன வருசத்துல தன் மேல தப்புன்னு ஒரு வரி எழுதி நான் பாத்ததில்ல." கீழே இருந்த என் நாலு வரிக்கு வந்து நிமிர்ந்தார். "இத விக்கறவங்களே நீங்கதானே?"

"ஆமாங்க."

தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அதிகாரியிடம் காட்டிவிட்டு வந்தார். ஒரு வருட நீட்டிப்பு. முத்திரை குத்தும்போது மேசை ஆடியது.

வாசலில் நின்று புஷ்பத்துக்குப் போன் செய்தேன். ஒரு வருடம் என்றேன். அந்தப் பக்கம் தும்மல் மட்டும் கேட்டது. யாரோ எடை சொல்கிறார்கள். திரும்பச் சொன்னேன்.

"கேட்டுச்சு சார்," என்றார். மூக்கை உறிஞ்சினார். "மூட்டை இறங்கிட்டு இருக்கு, பேப்பர்லதான் எழுதறோம். அப்புறம் பேசறேன் சார்."