ஒரு சாண் பென்சில் எழுத்து

மண்ணுக்குள் இருக்கும் என் மச்சானுக்கு, மேலே நின்று ஸலாம் சொல்கிறேன்.

அலுவிகாரையில் நம் பட்டறை திறந்துதான் இருக்கிறது. ரோட்டுத் தூசியும் பலகைத் தூசியும் சேர்ந்து அதே கதைதான். பூச்சு மட்டும் அடித்துக்கொண்டிருந்த நான் இப்போது தேய்ப்பு மெஷினையும் பிடிக்கிறேன், சிரிக்காதீர்கள். முதல் வாரம் கை மரத்துப்போய்ச் சோறு பிசையவே முடியவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். என் கூடப்பிறந்த ராத்தா துணி வெட்டித் தைப்பதற்கென்று பலாவில் ஒரு பெரிய மேசை செய்தீர்களே, அதைப் பற்றி. எண்பதாம் நம்பர் தேய்ப்புப் பேப்பரால் தேய்த்து, மேலே பென்சிலால் கீறிவிட்டு, அஸர் தொழ வீட்டுக்குள் போனீர்கள். தொழுகைப் பாயிலிருந்து நீங்கள் எழும்பவில்லை. நான் அந்த மேசையைச் சாக்குப் போட்டு மூடினேன். கிட்டத்தட்ட நாலு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

உங்களுக்காக ராத்தா வெளியாள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் இத்தா இன்னும் பத்து நாளில் முடிகிறது. முடிந்த கையோடு தைக்கத் தொடங்க வேண்டும் என்கிறார். ஸ்கூல் யூனிஃபோம் துணி கட்டுக்கட்டாக வந்து கிடக்கிறது. பலகை சொரசொரவென்று இருந்தால் வெள்ளைத் துணியில் நூல் இழுக்கும் அல்லவா? அதனால் சாக்கை உருவிவிட்டு மெஷினைப் போட்டேன்.

தேய்க்குமுன் பலகை முழுக்கப் பென்சிலால் கீறுவீர்கள். கீறல் எல்லாம் அழிந்தால்தான் மெஷின் எல்லா இடமும் போயிருக்கிறது என்று கணக்கு. அது எனக்கும் தெரியும். நீங்கள் கோடு கீறாமல் எழுத்து எழுதுவீர்கள் என்பதுதான் தெரியாது. பலகை என் கைக்கு வரும்போது எப்போதும் வெறுமையாகத்தானே இருக்கும்?

ஒரு நிமிஷம் ஓட்டியிருப்பேன். குசினி ஜன்னலிலிருந்து, அடுப்படியில் நின்ற ராத்தாவின் குரல் வந்தது.

“தம்பி, எந்தப் பேப்பர் போட்டிருக்கே?”

“நூத்தி எம்பது.”

“அதான் சத்தம் மெல்லிசா வருது. எம்பதுக்கு அடுத்தது நூத்தி இருபதுல்ல? நடுவுல ஒன்ன விட்டா, சீலர் பூச்சு அடிச்சதும் வட்டம் வட்டமாத் தெரியும்னு அவங்க கத்துவாங்களே.”

பேப்பர் நம்பரைக் காதால் பிடிக்க ராத்தா எப்போது பழகினார்? உங்களுக்காவது தெரியுமா?

மெஷினை நிறுத்திக் குனிந்தபோதுதான் பார்த்தேன். உங்கள் கையெழுத்து. “கிட்ட கேக்கணும்” என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்கு முன்னால் எழுதியதை நான் தேய்த்துவிட்டேன். அங்கே பலாவின் மஞ்சள் நிற மரத்தூள்தான் கிடந்தது. யாரிடம் மச்சான்? என்ன கேட்க இருந்தீர்கள்?

மூன்று நாள் எழுத்து இருந்த அந்த ஒரு சாண் இடத்தை விட்டுவிட்டுச் சுற்றித் தேய்த்தேன். பல்லேபொலை ஊரில் பலா மரம் விலைக்கு இருக்கிறது என்று சொன்னவரிடமா? ராத்தாவிடமா? இல்லை, என்னிடமா? நீங்கள் இதை எழுதிய வாரம்தான் “உங்க தேய்ப்பாலதான் வேல எல்லாம் நிக்குது” என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். பிறகு இரண்டு நாள் நாம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் நீங்கள் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தேன். பட்டறையின் முன்கதவு சாத்தியிருந்ததால் வெளியாள் யாரும் இல்லை. ராத்தா பின்கதவால் வந்து, மேசைமேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தார். அந்த இடத்தில் கை நின்றது.

“இத மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கே?”

சொன்னேன். பாதியை அழித்ததையும், உங்களைப் பேசிய பேச்சையும் சொன்னேன். அழுதுவிட்டேன், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

ராத்தா சிரித்தார். நாலு மாதத்துக்குப் பிறகு சிரித்தார், மச்சான்.

“அவங்க எப்பவும் இப்படித்தான்டா. மறந்துடக் கூடாதுன்னு பலகையில எழுதுவாங்க. அத அவங்களே தேச்சிடுவாங்க. பொறகு டீ குடிக்க வந்து, ‘நான் என்ன எழுதினேன் புள்ள?’ன்னு என்கிட்டயே கேப்பாங்க.”

“அப்ப இது யார்கிட்ட கேக்க எழுதினது?”

“யாருக்குத் தெரியும்.”

டின்னிலிருந்து உங்கள் துண்டுப் பென்சிலை எடுத்தார். உங்கள் எழுத்துக்குக் கீழே, “கேளுங்க, சொல்றேன்” என்று எழுதினார். பென்சிலைத் திரும்ப டின்னில் போட்டார்.

“இப்ப ஓட்டு. நூத்தி இருபது போடு.”

ஓட்டினேன். உங்கள் எழுத்தும் ராத்தாவின் எழுத்தும் ஒன்றாகவே போயின. அதன் மேல் நூற்றியெண்பதும் ஓட்டி, நேற்று சீலர் அடித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்ந்து சாய்ந்து பார்த்தேன், ஒரு வட்டம் கூட இல்லை.

ஒருவேளை என்னிடம்தான் கேட்க இருந்தீர்கள் என்றால், நானும் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தேய்ப்பால் ஒரு வேலையும் நிற்கவில்லை. நான்தான் அவசரக்காரன். இனி ஒரு நம்பரையும் தாண்ட மாட்டேன். தேய்க்குமுன் உங்களுக்குச் சொல்ல வேண்டியதைப் பலகையில் எழுதி, அது முழுக்க அழியும்வரை மெஷினை நிறுத்தவும் மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மெஷினைப் பிடித்திருக்கும்,
ராத்தாவின் தம்பி