இன்ஜின் நின்ற பிறகும் நடுங்கிய கை

பாசமுள்ள காதர் மாமாவுக்கு, உங்கள் சீனி எழுதுகிறேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. எதை முதலில் சொல்வது என்பதே குழப்பம். எனக்கு என்ன நோய் என்று இன்னும் முழுசாகத் தெரியவில்லை. தெரிந்த மட்டிலும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஒரே வண்டியில் ஒன்பது வருஷம் ஓடினோம். நான் டிரைவர், நீங்கள் கண்டக்டர். ஒரு நாள் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு இடது கையைத் தொடையில் வைத்திருந்தேன். டிக்கெட் கிழித்துக்கொண்டே முன்பக்கம் வந்தவர் நின்றுவிட்டீர்கள்.

"என்ன மாப்ள, இன்ஜின் நின்னு போச்சு. உன் கை மட்டும் இன்னும் ஓடுதே?"

நான் சிரித்தேன். "பழைய வண்டில்லா மாமா. அதோட ஆட்டம் ஒடம்புல ஏறிருச்சு."

கியர் கம்பியைப் பிடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. அதனால் நான் சொன்னதை நானே நம்பினேன். பிடித்தால் நிற்கிற நடுக்கம் நோயாக இருக்குமா?

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சட்டைப் பொத்தான் போட நேரமானது. கையெழுத்து சிறுத்துக்கொண்டே போனது. நடக்கும்போது இடது கை வீசவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரி கோதை, பாவம், உடம்பில் சத்து இல்லை என்று தினமும் முருங்கைக் கீரை ஆக்கிப் போட்டாள்.

ராஜபாளையத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். நரம்புத் தளர்ச்சி என்று பத்து ஊசி எழுதினார். பத்தும் போட்டேன், நிற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொருவர் கையைப் பார்த்ததுமே, "ஒரு நாளைக்கு எம்புட்டு குடிப்பீரு?" என்று கேட்டார். நான் அந்தப் பக்கமே போகாதவன் என்பது உங்களுக்குத் தெரியும். "உண்மையச் சொன்னாத்தான் மருந்து கேக்கும்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னபோது, ஒரு நிமிஷம் எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. கூமாப்பட்டியில் எலும்பு வைத்தியர் ஒருவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, பிடரி நரம்பு பிசகியிருக்கிறது என்று எண்ணெய் கொடுத்தார். மூன்று பேர், மூன்று நோய். யாரை நம்புவது?

நீங்கள் ஒருவரையும் நம்பவில்லை. "மதுரைக்குப் போயி பெரிய நரம்பு டாக்டரப் பாரு. அறுவது உசுரு நம்ம வண்டியில இருக்கு" என்றீர்கள். போனால் லைசென்ஸ் போகும், வேலை போகும். டிரைவர் என்கிற பெயரைத் தவிர எனக்கு வேறு என்ன இருந்தது? நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளினேன். கடைசியில் பஸ் நிலையத்தில் வைத்துச் சொல்லிவிட்டீர்கள்.

"ஏலே சீனி, வெள்ளிக்கெழமைக்குள்ள நீ போகலைன்னா நானே மொதலாளிட்ட சொல்லிருவேன்."

"சொல்லும். இனிமே ஒமக்கும் எனக்கும் பேச்சு கெடையாது."

பதினோரு நாள் பேசவில்லை. உங்கள் விசிலுக்கு வண்டியை எடுத்தேன், விசிலுக்கு நிறுத்தினேன். அந்த நாட்களில் நீங்கள் பின்வாசலை விட்டுவிட்டு என் இருக்கைக்குப் பக்கத்திலேயே நின்றீர்கள். டிக்கெட் கொடுக்கப் பின்னால் போனாலும் உடனே திரும்பி வந்தீர்கள். என்னை வேவு பார்க்கிறீர்கள் என்று உள்ளுக்குள் கொதித்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை நீங்கள் வரவில்லை. தொழுதுவிட்டு வந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தீர்களாம். உங்கள் வீட்டம்மா மைமூன் அக்கா தண்ணீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

உங்களை அடக்கம் செய்தபோது பள்ளிவாசலுக்கு வெளியே நின்றேன். அத்தனை பேர் முன்னால் என் கை நடுங்கியது. துக்கத்தில் நடுங்குகிறது என்று நினைத்து உங்கள் தம்பி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். எது துக்கம், எது நோய் என்று எனக்கே தெரியவில்லை மாமா.

உங்களுக்குப் பிறகும் மூன்று வாரம் வண்டி ஓட்டினேன். மன்னியுங்கள். ஒரு நாள் காலை சந்தைப் பக்கம், தலையில் கூடையோடு ஒரு பெண் குறுக்கே வந்தாள். பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று மனதுக்குத் தெரிந்தது. கால் தாமதித்துத்தான் கேட்டது. கூடை மட்டும்தான் விழுந்தது. "கண்ணு எங்கய்யா இருக்கு?" என்று திட்டிக்கொண்டே தக்காளியைப் பொறுக்கினாள். நானும் இறங்கிப் பொறுக்கினேன். எடுத்த தக்காளி என் விரல்களுக்குள் நிற்காமல் ஆடியது. அவள் திட்டுவதை நிறுத்தினாள்.

"ஒடம்புக்கு முடியலையா அண்ணாச்சி?"

அன்றைக்கே முதலாளியிடம் சாவியைக் கொடுத்தேன். "காதர் மாமா மொதல்லயே சொல்லியிருப்பாகளே" என்றேன்.

"காதர் பாயா? அவரு ஒண்ணுமே சொல்லலையேப்பா."

கெடு முடிந்தும் நீங்கள் சொல்லவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றது வேவு பார்க்க அல்ல. என் கை தவறினால் பிடிக்கவா? சொல்லாமல் விட்டது என் மேல் உள்ள பாசத்தாலா, நான் முகம் கொடுக்காததாலா? அது சரிதானா? அந்த அறுபது உயிருக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருந்தீர்கள்? கோபத்தில் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்கிறேன்.

அதற்கப்புறம்தான் கோதையைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். அந்த டாக்டர் என்னை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். கட்டைவிரலோடு ஆள்காட்டி விரலைத் தட்டச் சொன்னார். மணிக்கட்டை மடக்கி நீட்டிப் பார்த்தார். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. கோதை நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னா நோயே இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா" என்றார் டாக்டர். "பார்க்கின்சன்னு ஒண்ணு இருக்கு. அதுவா இருக்கலாம்னு நெனைக்கிறேன். அது ஸ்கேன்ல தெரியாது. மாத்திரை தர்றேன். நல்லாக் கேட்டுச்சுன்னா, அதுதான்னு ஓரளவு சொல்லலாம்."

"கேக்கலைன்னா?" என்றேன்.

"வேற என்னன்னு தேடணும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கோதை கேட்டாள்: "மாத்திரை கேக்கணும்னு வேண்டிக்கிடவா, கேக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிடவா?"

முதல் சில நாள் ஒரே குமட்டல். மூன்றாவது வாரம் ஒரு காலை, சட்டையின் ஐந்து பொத்தானையும் நானே போட்டுவிட்டேன். கோதையைக் கத்திக் கூப்பிட்டேன். அடுப்படியிலிருந்து ஓடி வந்தவள் சட்டையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மருந்து கேட்டுவிட்டது. அப்படியானால் அதுதான்.

ஆனாலும் டாக்டர் முழு உறுதி தரவில்லை. நடுக்கம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இன்னும் சில மாதம் பார்க்க வேண்டும் என்கிறார். பால்கோவாக் கடையைத் தாண்டும்போது பால் காய்கிற வாசனையே எனக்கு இப்போது வருவதில்லை. அதையும் இந்த நோயோடு சேர்ப்பதா, சளி என்று விடுவதா? வாசலைத் தாண்டும்போது சில நேரம் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த இரண்டையும் டாக்டரிடம் நான் சொல்லவே இல்லை. ஏன் மறைத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

முதலாளி என்னை பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக உட்கார வைத்திருக்கிறார். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்பெஷல் வண்டி விட டிரைவர்கள் போதவில்லை. நேற்று வந்து, "கைதான் இப்ப நல்லாயிருச்சே சீனி, ரெண்டே நாள் ஓட்டிக் குடு" என்றார். சரி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது மாமா. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இதை எழுதி முடித்ததும் அவரிடம் போய் முடியாது என்று சொல்வேன். நோயின் பெயர் உறுதியாகாமல் இருக்கலாம். அன்றைக்கு என் கால் தாமதித்தது உறுதிதானே. அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது டாக்டரிடம் எதையும் மறைக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. பார்க்கும்போதெல்லாம் மைமூன் அக்கா என்னிடம், "அவிய கடைசியா ஒங்கிட்ட என்னப்பா பேசுனாக?" என்று கேட்கிறார். நமக்குள் சண்டை என்பது அவருக்குத் தெரியாது. நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்துவிடுகிறேன். நாளைக் காலை உங்கள் வீட்டுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவேன். கேட்ட பிறகு அக்கா என்னை உட்காரச் சொன்னாலும் சரி, போகச் சொன்னாலும் சரி. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மாப்பிள்ளை,
சீனிவாசன்