பரஸ்தானம் வைத்த ஹாண்டில்

மாசி 9, வெள்ளி

இன்ஜினை நிறுத்தவில்லை. முதலில் கவனித்தது அதைத்தான்.

பெண் பார்க்க வந்தார்கள். கால் அலம்பி, ஜமக்காளத்தில் உட்கார்ந்து, சொஜ்ஜி தின்று, என்னைப் பாடச் சொல்லி, நான் பாதியில் நிறுத்தி, அதற்கும் நன்றாயிருக்கிறது என்று சொல்லி முடிக்கிற வரைக்கும் வாசலில் கார் உறுமிக்கொண்டே நின்றது. "நம்ம வண்டி பெட்ரோலே குடிக்காது" என்று உள்ளே பேச்சு. வெளியே அது குடித்துக்கொண்டிருந்தது.

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். பட்டுப்புடவையில் வேர்த்துக் கொட்டியது.

வந்தவர் பெயர் சுந்தரேசன். பி.ஏ. மவுண்ட் ரோடில் ஒரு மோட்டார் கம்பெனியில் கார் விற்கிறார். கோயில் குளத்துக்கு வடக்கே வீடு. பேசும்போது வாட்சைப் பார்க்கிறார், வாட்சைப் பார்த்த பிறகு நாம் அதைப் பார்த்தோமா என்று பார்க்கிறார்.

அவர் சொன்னது: பட்டாளத்துக்கு இலேசான வண்டி வேண்டுமாம். வடக்கே எல்லைப்புறத்தில் ரோடே இல்லாத மலைகளில் ஓட்ட. கோட்டையிலிருந்து துரைகள் திங்கட்கிழமை வருகிறார்கள். திருவான்மியூர் மணலில் ஓட்டிப் பார்த்துப் பொறுக்கி எடுப்பார்கள். மலைக்கு வேண்டியதை மணலில் எதற்குப் பார்ப்பது என்று அப்பாவும் கேட்கவில்லை, அண்ணாவும் கேட்கவில்லை. தலையை ஆட்டினார்கள்.

வண்டி தேறினால் கம்பெனி இவரை வண்டிகளோடு ராவல்பிண்டிக்கு அனுப்பும். சம்பளம் ஏறும். வைகாசியில் கல்யாணம், மறுவாரம் ரயில். தேறாவிட்டால்? "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள் அவர் அம்மா கௌரி மாமி. ஆக, துரை வண்டியைப் பொறுக்கினால் இவர் என்னைப் பொறுக்குவார்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன் என்பது தெருவுக்கே தெரியும்.

கிளம்பும்போது மாமி அம்மாவிடம்: "நன்னா அடக்கமா இருக்கா. சத்தமே வரலை." அதே சமயம் வாசலில் அவர் என் அண்ணாவிடம்: "மணி, எவ்வளவு வேகமாப் போனாலும் சத்தமே வராது!" இதைக் கத்திச் சொன்னார். கத்தாவிட்டால் அந்த இரைச்சலில் கேட்காது.

மிச்சம் சொஜ்ஜி ஐந்தாறு கரண்டி. பூனைக்கு வைத்தேன். அதுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மாசி 10, சனி

அப்பளம் இட்டேன். துணி மடித்தேன். அம்மாவுக்குக் கண்கட்டி, நாமக்கட்டி உரைத்துப் போட்டேன்.

காலையிலேயே மறுபடி வந்தார், ஒத்திகைக்கு அண்ணாவை அழைத்துப்போக. ஜன்னல் வழியாக வண்டியை நன்றாகப் பார்த்தேன். கதவு கிடையாது. மேலே கித்தான், பின்னால் ஒரு பெட்டி. டயர் யானைக்கால் வியாதி கண்ட மாதிரி. இதைக் கார் என்று சொல்லக்கூடாதாம். 'லைட் வெஹிக்கிள்.' அண்ணா இரண்டு தரம் சொல்லிப் பழகிக்கொண்டான்.

அண்ணாவுக்குப் பாடம் நடந்தது. "இந்தச் சாவியை இப்படித் திருப்பினா தூங்கிடும். இந்தப் பித்தானை அமுக்கினா முழிச்சுக்கும். ஸெல்ஃப் ஸ்டார்ட்டர். குழந்தைகூடப் பண்ணும்." விரலால் காற்றில் திருப்பிக் காட்டினார். சாவியைத் தொடவில்லை. இன்றைக்கும் இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

பட்டாளத்து வண்டிக்கு என்னென்ன வேண்டும் என்று ஒப்பித்தார். கனம் இருக்கக் கூடாது. கொஞ்சம் தண்ணீரில் காலம் தள்ள வேண்டும். குளிர் தாங்க வேண்டும். எங்கே கொண்டு விட்டாலும் முரண்டு பிடிக்கக் கூடாது. நேற்று கௌரி மாமி அம்மாவிடம் கேட்டது: குளிர் தாங்குவாளா, நெஞ்சுச் சளி உண்டா, நாலு பேருக்குத் தனியாகச் சமைப்பாளா, வாய் உண்டா. அம்மாவும் பிள்ளையும் ஒரே காகிதத்தை வைத்துக்கொண்டு படிக்கிறார்களோ என்னவோ.

அந்த நேரம் பால்காரி முனியம்மா மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னா நைனா, வண்டிய நிறுத்தவே மாட்டியா? மாடு மெரள்து பாரு."

"இது மிலிட்டரி வண்டி, தெரியுமோ? மலை ஏறும்."

"மலையா? எம்புள்ள அங்கதான் கீறான், பட்டாளத்துல. போன தபா லீவுல வந்தப்போ சொன்னான். மேலேந்து சுட்டுக்கினு கீறானுங்களாம், இவனுங்க வண்டி நின்னு பூட்ச்சாம். ஒருத்தன் எறங்கி முன்னால நின்னு ஹாண்டில சுத்திக்கினே இருந்தானாம். வண்டி கெளம்பிச்சாம். அவன் ஏறலையாம்."

"ஏன்?"

முனியம்மா அவரைப் பார்த்தாள். "ஏன்னா?"

அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பி.ஏ. வேறு. பிறகு சிரித்தார். "அதெல்லாம் பழைய வண்டி. இதுல உன் பிள்ளை கீழேயே இறங்க வேண்டாம். உட்கார்ந்த இடத்துல பித்தானை அமுக்கினாப் போதும்."

"நெசமாவா?"

"நெசம்."

முனியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். இன்றைக்குப் பால் கொஞ்சம் கூடவே ஊற்றினாள்.

மாலை. அண்ணா வந்தான். சட்டையெல்லாம் மணல், வலது உள்ளங்கையில் கொப்புளம். கொல்லையில் கிணற்றடியில் கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யாரண்டையும் சொல்லாதேன்னார். உங்கிட்டச் சொன்னா நீ யார்கிட்டச் சொல்லப்போறே?" என்று ஆரம்பித்தான். அதுவும் சரிதான்.

பித்தானை அமுக்கினால் ஒன்றும் ஆகவில்லையாம். நேற்றிலிருந்தே அப்படித்தானாம், புது சாமான் பம்பாயிலிருந்து வரவேண்டுமாம். ஹாண்டிலைப் போட்டு அண்ணா சுற்றினான். ஹாண்டில் என்பது காரின் மூக்கில் செருகிச் சுற்றுகிற வளைந்த இரும்பு. "சூடு ஏறிடுத்துன்னா அதுக்கும் மசியறதில்லே, ஜெயம். கடைசியில செம்படவா ஆறு பேர் வந்து தள்ளினா. இவர் மேலே உட்கார்ந்துண்டு 'கமான், கமான்'னார்."

"திங்கட்கிழமை?"

"நிறுத்தவே போறதில்லையாம். கம்பெனியில ஆளை விட்டுத் தள்ளிக் கிளப்பினா திரும்பக் கம்பெனியிலதான் நிறுத்துவாராம். 'துரை நிறுத்தச் சொன்னா?'ன்னு கேட்டேன். பேச்சை மாத்திடுவேன்கறார்."

மலையில் பேச்சை மாற்ற யார் இருப்பார்கள்? முனியம்மா பிள்ளைதான் இருப்பான்.

என்னை மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியது நல்லதாகப் போயிற்று என்று இந்த மனிதர் நேற்று அப்பாவிடம் சொன்னார். ரொம்பப் படித்த பெண்கள் எதிர்க்கேள்வி கேட்பார்களாம். என்னை நிறுத்த ஒரு நிமிஷம் போதும். அவர் வண்டியை நிறுத்தத்தான் பயம்.

மாசி 11, ஞாயிறு

இரும்பு விருந்தாளி ஒன்று வந்திருக்கிறது.

நாளைக்குத் துரைகள் குறித்த வேளை ராகு காலத்தில் விழுகிறது. கௌரி மாமிக்கு இரண்டு நாளாய்ச் சோறு இறங்கவில்லை. துரையிடம் போய் ராகு காலம் என்று சொல்ல முடியுமா? ஆகவே பரஸ்தானம். கிளம்பும் வேளை சரியில்லை என்றால் முன்னாலேயே நல்ல வேளை பார்த்து, போகிறவருடைய வேஷ்டியோ பெட்டியோ ஒன்றை, போகிற திசையில் இருக்கும் வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டியது. போகிற வழியில் எடுத்துக்கொள்ள வேண்டியது. பிரயாணம் நேற்றே தொடங்கிவிட்டது என்று ராகு நம்பிவிடுவார். அவ்வளவு சுலபமாக ஏமாறுகிறவருக்கு எதற்குப் பயப்படுவது, தெரியவில்லை.

திருவான்மியூருக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. தெற்கு. பொருத்தம்.

"வேஷ்டியைத்தான் கொண்டுவரலாம்னு பார்த்தேன்" என்றாள் மாமி. "யோசிச்சுப் பார்த்தா, நாளைக்குத் தேற வேண்டியது யாரு? வண்டி. அப்போ வண்டியோட சாமானைத்தானே வைக்கணும்?"

"அதானே!" என்றாள் அம்மா.

"சுந்துவைக் கேட்டேன். இதுதான் நமக்கு வேண்டாத சாமான், எடுத்துண்டு போன்னான்."

மஞ்சள் துணியைப் பிரித்தாள். ஹாண்டில். வளைவில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். அரிசி டின் பக்கத்தில், தெற்குப் பார்க்கச் சாத்தி வைத்தார்கள். அம்மா விளக்கேற்றினாள். இரண்டு பேரும் அதன் முன்னால் ஒரு நிமிஷம் கைகூப்பி நின்றார்கள். நான் உள்ளங்கையைக் கடித்துக்கொண்டேன், சிரிப்பு வந்துவிடுமோ என்று. அண்ணா கையை வேஷ்டிக்குள் மறைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தான்.

பிறகு மாமி என் பக்கம் திரும்பினாள். "நாளைக்குச் சுந்து வாசல்ல வந்து நிப்பான். நீதான் எடுத்துண்டுபோய்க் கொடுக்கணும், ஜெயம். கன்னிப்பொண்ணு எதிர்ல வந்தா நல்ல சகுனம். ஒண்ணும் பேச வேண்டாம். கொடுத்தாப் போதும்."

பேச வேண்டாம் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள்.

விளக்கு வைத்த பிறகு அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா."

"என்னடி?"

வண்டி கிளம்பாது. அவர் பொய் சொல்கிறார். நான் போகமாட்டேன். மூன்றும் நாக்கு நுனி வரை வந்தன. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன.

"ஒண்ணுமில்லே."

"போய்ப் படுத்துக்கோ. நாளைக்கு நல்ல நாள்."

அண்ணாவிடம் நீயாவது சொல்லேன் என்றேன். "பெரியவா விஷயம்" என்றான். கையில் வாழைச்சாறு தடவிக்கொண்டிருந்தான். வெகு தைரியசாலி.

யாரும் இல்லாதபோது ஹாண்டிலைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். கதம்பம் வாடிவிட்டது.

மாசி 12, திங்கள்

பனி இல்லை. காக்காய் நிறைய. மூன்றாவது நாளாகக் கண்கட்டி உடையவில்லை, அம்மா ஒற்றைக் கண்ணால் பெரிய கோலமாகப் போட்டாள். எனக்கு அதே பட்டுப்புடவை.

தெருக்கோடியிலேயே சத்தம் கேட்டுவிட்டது. முன்னால் அவர், பக்கத்தில் செம்பட்டை மீசையோடு ஒரு துரை. பின்னால் பெட்டியின் மேல் இன்னொருவர், சின்னவர், தொப்பியைப் பிடித்துக்கொண்டு. கௌரி மாமி முன்னாலேயே வந்து எங்கள் வாசலில் அம்மாவோடு நின்றாள். அப்பா சட்டை போட்டுக்கொண்டு நின்றார். எதிர்ச்சாரியில் முனியம்மா, மாட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. அது இன்றைக்கும் மிரண்டது. அவள் முகத்தில் ஒரே சிரிப்பு. மாட்டின் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், அதுவும் தன் பிள்ளையின் வண்டியைப் பார்க்கட்டும் என்பதுபோல.

வண்டி நின்றது. இன்ஜின் நிற்கவில்லை.

அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். மஞ்சள் துணியும் குங்குமமுமாக ஹாண்டிலை ஏந்திக்கொண்டு படியிறங்கினேன். தெருவே பார்த்தது. பெரிய துரை என் கையைப் பார்த்து அது என்ன என்று கேட்டார்.

அவர் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னார்: வீட்டுப் பெண்களின் பழைய சடங்கு, ஸார். இந்த வண்டிக்கு ஹாண்டிலே தேவையில்லை. எங்கே நின்றாலும் பித்தானை அமுக்கினால் கிளம்பும். குன்றில், ஆற்றில், எங்கேயும். ஒரு தரம்கூடத் தவறியதில்லை.

வெரி குட் என்றார் துரை. சின்னவர் மடியில் வைத்திருந்த காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் பாரத்து இங்கிலீஷ் இதற்குப் போதும்.

"கொடு, கொடு, நாழியாறது" என்று என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார். பியூனிடம் நீட்டுவதுபோல.

வண்டியைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போனேன். ஹாண்டிலை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். கதவு இல்லாத வண்டி, சௌகரியம். வலது கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினேன்.

சத்தம் நின்றது. முனியம்மாவின் மாடு மூச்சு விடுவது கேட்டது.

பிறகு ஹாண்டிலை இரண்டு கையாலும் பிடித்து, மரியாதையாக, அவரிடம் கொடுத்தேன்.