சண்டைக்காரியின் புள்ளி

அன்புள்ள உனக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பதறாதே. நம் பெண் இணையத்தில் பார்த்து, உன்னை நினைத்துச் 'சண்டைக்காரி' என்று பேர் வைத்தாளே, அந்த ஓநாய் செத்துவிட்டது. அதன் கழுத்துப்பட்டைக் கருவி காட்டும் இடத்தை இணைய வரைபடத்தில் ஒரு புள்ளியாக ஏற்றுவதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும். வேட்டைக்காரனும் பார்ப்பான், சில வாரம் கழித்தே வெளியிடுவோம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். என் வயதில் பாதிகூட ஆகாத எங்கள் ஆய்வு மைய இயக்குநர் சிரித்தார். "உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் சார். ஊரே பார்க்கட்டும், அப்பதான் நமக்குப் பேரு."

ஊரே பார்த்தது. புள்ளி நகரவில்லையே என்று தேடிப் போனேன். கத்தியால் அறுத்த பட்டையும் கொஞ்சம் ரோமமும் புதரில் கிடந்தன.

"பட்டை தானா கழண்டுச்சுன்னு போட்டுடுங்க" என்றார் இயக்குநர். 'கொல்லப்பட்டது' என்றே பதிந்தேன். வேலை போனால் போகட்டும். இந்த மனுஷனை ஏழு ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டேன்.

குளிர் அதிகம். நீ போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

நான் இங்கே வந்ததிலிருந்து என்னோடு பேசாத நம் பெண், காலையில் எழுந்ததும் அந்தப் புள்ளியைத்தான் பார்க்கிறாள் என்று சொன்னாய். அது நின்றுவிட்டதையும் பார்த்திருப்பாள். கேட்டால் நீ எதுவும் சொல்லாதே. என்னிடமே கேட்கச் சொல்.

இயக்குநர் கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன். போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்.