தாத்தா மறந்துவிட்ட ஆபரேஷன்

13-8-1994, சனிக்கிழமை
இராஜபாளையம்

மெட்ராசில் ஆபரேஷன் முடிந்து தாத்தாவைப் போன மாதம் வீட்டுக்கு அழைத்துவந்தோம். இந்த வயதில் இதய ஆபரேஷனைத் தாங்குவாரா என்று எல்லோரும் பயந்தார்கள். தாங்கிவிட்டார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா அவர் சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டுகிறாள்.

இன்று சாயங்காலம், பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்தவர்கள் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

"ஏலே, உனக்குக் கட்டுனது நம்ம கம்பெனித் துணிதானா?" என்று ஒருவர் கேட்டார்.

"உன் தறியில ஓடுனதா இருந்தா அன்னைக்கே பிரிஞ்சிருக்கும்லே" என்றார் தாத்தா. எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் போன பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "தாயி, எனக்கு ஆபரேஷன் என்னைக்கு?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"அது முடிஞ்சு போச்சு தாத்தா" என்று தழும்பைத் தொட்டுப் பார்க்கவைத்தேன். தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "பயமா இருக்கு தாயி. வேண்டாம்னு டாக்டர்ட்ட சொல்லிரு" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். "எல்லாம் மயக்க மருந்து வேலை. வயசானவுகளுக்கு அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிரும்னு டாக்டர் சொன்னாரு" என்றாள். எப்போது சரியாகும் என்று கேட்டேன். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த முறை தாத்தா கேட்டபோது, "வேண்டாம்னு சொல்லிட்டோம் தாத்தா" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

முகம் தெளிந்து, அப்படியே தூங்கிப்போனார். எனக்கு அழுகைகூட வரவில்லை. நாளைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்லப்போகிறேன்.