எருக்கங்கரி

மாசி 18, செவ்வாய்

காலையிலிருந்து காற்றே இல்லை. ஏரி எண்ணெய் ஊற்றியது போல். கருவாடு புரட்டிப் போட்டேன். காக்கைக்கு இரண்டு போச்சு.

மருமகன் எல்லப்பன் கோட்டையிலிருந்து கழிவுக் காகிதம் கொண்டுவந்தான். ஒரு பக்கம் கோட்டை வெள்ளைக்காரன், அந்த உலாந்தாக்காரன் எழுத்து, மறுபக்கம் வெறுமை. என்னைப் பெற்ற நைனா துணி மூட்டைகளுக்குப் பெயர் எழுதிப் பிழைத்தவர். அவர் சொல்லிக்கொடுத்த எழுத்துதான் எனக்கு. இந்த வீட்டில் வேறு யாருக்கும் படிக்க வராது. நல்லதாய்ப் போச்சு.

எல்லப்பன் மேல் எனக்குள்ள மனத்தாங்கல்கள்:
என் வீட்டுக்காரர் விட்டுப்போன ஏரி வலை முறையை, ஏரியில் வலை போடும் உரிமையை, தன் அண்ணனுக்குத் தூக்கிக் கொடுத்தது.
என்னைக் கேட்காமல் கொடுத்தது.
என் மகள் அஞ்சலைக்கு மூத்தது பிறந்த அன்று வராதது.

வராததற்குக் காரணம் மருந்து மனை. கோட்டையை ஒட்டி வெடிமருந்து செய்கிற இடம். உலாந்தா வாத்தியார் ஒருவர் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு சொல்லித் தருகிறார். இவனும் ஒருத்தன். இதுவரை காய்ச்சும் கொட்டகையில்தான். மண்ணைக் கரைத்து, காய்ச்சி, வெடியுப்பு வடிப்பது. நாக்கில் வைத்துப் பார்ப்பார்களாம். சில்லென்று இருந்தால் நல்ல சரக்கு. கரித்தால் கடலுப்பு கலந்திருக்கிறது. அங்கே நெருப்பு உண்டு, ஆனால் மருந்து இல்லை. அதனால் இத்தனை நாள் தூங்கினேன்.

மாசி 20, வியாழன்

வெயில். வஞ்சிரம் இரண்டு, ஒன்று சின்னது.

வாத்தியார் சோதனை வைத்தாராம். ஆளுக்கு ஒரு மரம். கரி சுட்டு, மருந்தில் சேர்த்து, செப்புக் கிண்ணத்தில் கொளுத்துவது. யார் மருந்து மூடியை உயரத் தூக்குகிறதோ அவன் கெட்டிக்காரன். ஒருத்தன் துவரங்குச்சி, ஒருத்தன் ஆவாரை. இவன் எருக்கு.

குதித்துக்கொண்டு வந்தான். "அத்தே, மூடி கூரையத் தொட்டுச்சு! வாத்தியாரு கையத் தட்றாரு. மொளகா கடிச்ச மூஞ்சி, அதுல சிரிப்பு வேற!"

"எருக்கு எங்க வெட்டுன?"

"சுடுகாட்டு மேட்ல. அங்கதான் தடியா கீது."

"எரிஞ்சவங்க மேல மொளச்சதயா மறுபடி எரிச்ச?"

"அது செடி அத்தே. செடிக்கு இன்னா தெரியும்?"

அஞ்சலை சிரித்தாள். வயிற்றில் இரண்டாவது, ஏழு மாதம் அவளுக்கு. பரிசு என்ன தெரியுமா, திங்கட்கிழமை முதல் இடிக்கும் மனைக்குப் போகிறான். உப்பும் கந்தகமும் கரியும் ஒன்றாகச் சேர்கிற இடம்.

மாசி 21, வெள்ளி

கு. வந்தாள். அடுத்த வீட்டுக்காரி. அவள் பெயரை முழுதாய் எழுத மனம் வரவில்லை.

"இன்னாடி, உன் மருமவன் தொரைமாருக்கே பாடம் எடுக்கிறானாமே! நாளைக்கு நீ கூட தொப்பி போட்டுக்குனு மீன் விப்ப போல."

"உனுக்குத்தான் மொத மீன்" என்றேன்.

நான் பாவாடை கட்டிய வயதில் மருந்து மனை ஒருமுறை வெடித்தது. ஏரித் தண்ணீர் எழுந்து உட்கார்ந்தது. எங்கள் மாமன் உள்ளே. தேடிப் போகத் தோணி கேட்டோம். கு.வின் மாமனார் தோணி தரவில்லை, ஓட்டை என்றார். சாயங்காலம் அதே தோணியில் வலை போட்டார். மாமனைக் கண்டெடுக்கவேயில்லை. உடம்புக்குப் பதிலாக அம்மா அவருடைய துண்டை எரித்தாள்.



மாசி 23, ஞாயிறு

நேற்று எழுதவில்லை.

இன்று செய்தது. அவன் ஏரியில் குளிக்கப் போன நேரம் பார்த்து முண்டாசுத் துணியின் ஓரத்தைப் பிரித்தேன். கரை ஒதுங்கிய கப்பல் பலகையில் பிடுங்கிய ஆணி, ஒடிந்த துண்டு, நகத்தளவு. உள்ளே வைத்து வலை நூலால் தைத்துவிட்டேன். காத்து கருப்பு இரும்பைக் கண்டால் கிட்ட வராது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இரும்பு தருகிறோம், சாவு வீட்டுக்குப் போனால் இரும்பு எடுத்துப் போகிறோம். சுடுகாட்டு எருக்கோடு புழங்குகிறவனுக்கு வேண்டாமா?

அவனிடம் சொல்லவில்லை. சிரிப்பான்.

மாசி 24, திங்கள்

வெயில் ஆள் உயரம் ஏறினதும் இடி சத்தம் ஆரம்பித்தது. தொம் தொம் என்று குப்பம் வரைக்கும் கேட்கும். சாயங்காலம் நின்றது. வந்துவிட்டான். உயிரோடு.

தின்னும்போது பேசிக்கொண்டே இருந்தான். மரத்து உலக்கை, கல் உரல், செப்புக் கரண்டி.

"உள்ள இரும்பே கூடாது அத்தே. வாசல்லயே தடவிப் பாக்குறான். பாக்குவெட்டி, சாவி, எல்லாம் வெளிய. கல்லுல இரும்பு ஒரசி ஒரு பொறி வந்தா போதும், பழவேற்காடே இருக்காதுன்றாரு வாத்தியாரு."

அப்போதுதான் பார்த்தேன், தலையில் ஒன்றும் இல்லை.

"முண்டாசு எங்க?"

"உரல மூடி வெச்சிட்டு வந்தேன், தூசி உழக் கூடாதுன்னு. காலைல அதால தொடச்சிட்டுதான் இடிக்கணும்."

முண்டாசில் ஆணி தைத்ததைச் சொல்லிவிட்டேன். அஞ்சலை குழந்தையோடு தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள், நல்ல வேளை. அவன் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"இடுப்பத் தடவுனான். முண்டாசத் தொடல" என்றான். பிறகு, "கதவு பூட்டியாச்சு. விடிஞ்சாதான் தெறப்பான்."

"நான்தான் வெச்சேன்னு சொல்லு."

"இரும்பு எடுத்துக்குனு போனவனுக்கு வாசல் கம்பத்துல கட்டி அடி. அதோட படிப்பும் போச்சு. அது நானு. நீ வெச்சன்னா உனுக்குத் தூக்குக் கயிறு. போன மாசம் கோட்ட வாசல்ல நின்னுக்குனு இன்னான்னு கத்துன?"

கத்தினேன். உண்மை. அண்ணனுக்கு வலை முறை கொடுத்த விஷயம் தெரிந்த அன்று. 'நீ வெடிச்சித்தான்டா சாவ' என்று. காவல்காரன் கேட்டான், மீன்காரிகள் கேட்டார்கள். கு.வும் அங்கே இருந்தாள்.

"என்னுதுன்னே சொல்லிக்கிறேன்" என்றான். மிச்சச் சோற்றையும் தின்றான்.

மாசி 25, செவ்வாய்

கிழக்கு வெளுக்கும் முன்னே போய்விட்டான்.

வெயில் ஆள் உயரம் வந்தாச்சு. இடி சத்தம் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கு.: "இன்னாடி, இன்னிக்கி சத்தத்தையே காணோம்? உன் மருமவன் தூங்கிட்டானா?"

இன்னும் சத்தம் இல்லை.

சத்தம் இல்லையென்றால் ஆணி கிடைத்துவிட்டது. சொல்லியும் விட்டான். உள்ளே ஆறு பேரும் உயிரோடு. இவன் கம்பத்தில்.

அத்தனையும் யோசித்தவன் ஒன்றை யோசிக்கவில்லை. அந்த ஓரம் துணித் தையல் இல்லை, வலை முடிச்சு. நான் இடது கைக்காரி. என் முடிச்சு எதிர்ப்பக்கம் திரும்பும். குப்பத்தில் வேறு யாருக்கும் அப்படி வராது. அவனுக்கு முடிச்சே வராது.

கொல்ல வைத்தாள் என்பார்கள். சொல்லட்டும்.

வலை நூல் ஒரு முழம் முந்தானையில் முடிந்துகொண்டேன். கோட்டைக்குப் போய், வாத்தியார் கண்ணெதிரே அதே முடிச்சைப் போட்டுக் காட்டுகிறேன். அஞ்சலை அடுப்பண்டை இருக்கிறாள். கருவாடு காயப்போட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னேன்.