முடிவு வரும்வரை பால் வேண்டாம்

இராசமலர்,

டொக்டர் சொன்னது முழுவதும் சரியாக நினைவில் இருக்கிறதா தெரியவில்லை. பயத்தில் பாதிதான் காதில் விழுந்தது. பாலைச் செரிக்கவைக்கும் நொதியம் ஒன்று பிள்ளையின் இரத்தத்தில் இல்லாமலிருக்கலாமாம். சோதித்துப் பார்க்க அவளுடைய இரத்தத்தை ஐஸ் பிளாஸ்கில் கொழும்புக்குக் கொண்டுபோகிறேன். அதுவரை சோயா மாக் கஞ்சி மட்டும் கொடு. அக்கா ஆட்டுப்பாலோடு வந்து, "பச்சைப்பிள்ளையைப் பட்டினி போட உனக்கென்ன விசரோ?" என்று ஏசுவா. ஏசட்டும். உன் பாலும் கொடுக்காதே, எவ்வளவு அழுதாலும்.

"இது உங்கடை பக்கத்து வருத்தமோ, எங்கடை பக்கமோ?" என்று நேற்றுக் கேட்டாய். விளக்கை அணைத்துப் படுத்துவிட்டேன். இரண்டு பக்கத்திலும் இருந்தால்தான் இந்த நோய் வருமாம்.

பி.கு. அலுமாரி பூட்டியிருக்கிறது, திறப்பு மேசையில். மூத்தவனும் இதனால்தான் போனானோ என்று டொக்டரிடம் கேட்கப் பயமாக இருந்தது. அவனுக்குக் கடைசிவரை பால்தான் பருக்கினோம். இப்போது நீயும் இவளும் தூங்குகிறீர்கள். நான் ஸ்டேசனுக்குப் போகிறேன்.